இரண்டு டிபி2, ஒரே இயந்திரம்: ஓஏஎம்-ஐ எத்தனையாகப் பிரிப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். புதுச்சேரி இலாசுப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்ஃப்ரேமைப் (பெருங்கணினியைப்) பராமரிக்கும் குழுவில் நான்கு ஆண்டுகளாக, வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். அந்த நிறுவனம் அண்மையில் இன்னொரு காப்பீட்டு நிறுவனத்தை வாங்கியது. இதுவரை இரண்டு எல்பார்களில் (மெயின்ஃப்ரேமைப் பிரித்து உருவாக்கும் தனிப் பகுதிகளில்) தனித்தனி டிபி2 (தரவுத்தளம்), தனித்தனி ஓஏஎம் (ஆவணங்களைச் சேமித்துத் தருவதோடு டேப் லைப்ரரியையும் கவனிக்கும் மென்பொருள்) என்று ஓடியவற்றை, இசட்/ஓஎஸ் 2.5 இயங்குதளம் ஓடும் ஒரே எல்பாருக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றில் பாலிசி ஆவணங்களும் மற்றொன்றில் இழப்பீட்டு மனுக்களின் படங்களும் உள்ளன. குழுவின் மூத்தவர் ஒருவர், டிபி2 இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் ஓர் ஓஏஎம் போதும் என்கிறார். இன்னொருவர், வேகத்துக்காக ஓஏஎம்-ஐ நான்கு அட்ரஸ் ஸ்பேஸ்களாக (தனி நினைவகத்தில் தனியே ஓடும் பிரதிகளாக) பிரிக்கலாம் என்கிறார். டேப் லைப்ரரியில் (காந்தநாடாக்களை வைத்து எடுத்துத் தரும் தானியங்கிக் கிடங்கில்) எந்த மாற்றம் செய்தாலும் ஆவணத் திரை சில நிமிடம் நின்றுபோகிறது, கிளைகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வருகின்றன என்பது பழைய குறை. எத்தனை அட்ரஸ் ஸ்பேஸ் வைப்பது, எந்த வரிசையில் செய்வது? மாற்றத்துக்கு நவம்பர் கடைசி வாரத்தைக் குறித்திருக்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்களுக்கு வேண்டியது மூன்று அட்ரஸ் ஸ்பேஸ்கள்: பாலிசி ஆவணங்களின் டிபி2-வுக்கு ஒன்று, இழப்பீட்டுப் படங்களின் டிபி2-வுக்கு ஒன்று, டேப் லைப்ரரிக்கு மட்டும் ஒன்று. நான்கு என்பது வேகம் கூடுமா என்று பார்ப்பதற்கு முன்பே அடிபட்டுப் போகும் யோசனை. 2017-இல் வெளிவந்த இசட்/ஓஎஸ் 2.3 முதல் ஒரு சிஸ்டத்தில் ஆப்ஜெக்ட் (சேமித்த ஆவணம் அல்லது படம்) வேலைக்கு இரண்டு ஓஏஎம்களும் டேப் லைப்ரரிக்கு ஒன்றும் என்பதே உச்ச வரம்பு. அதற்கு முன் ஒரு சிஸ்டத்துக்கு ஒரே ஓஏஎம்தான். ஆப்ஜெக்ட்டும் டேப் லைப்ரரியும் அதற்குள்ளேயே குடியிருந்தன.

அப்படி ஒன்றாகக் குடியிருந்ததுதான் உங்கள் பழைய குறைக்கும் காரணம். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய கிட்டங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். கிட்டங்கிச் சாவியும் அலுவலகப் பதிவறைச் சாவியும் ஒரே ஆளின் இடுப்பில் இருந்தால், அவர் சரக்குக் கணக்கு எடுக்கக் கிட்டங்கிக்குள் போன நேரத்தில் பத்திர நகல் கேட்டு வந்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். சேமிப்பு விதிகளை வைத்திருக்கும் எஸ்எம்எஸ்-இல் லைப்ரரி வரையறையை மாற்றி, அந்த விதிகளின் கோப்பான எஸ்சிடிஎஸ்-ஐப் புதிதாக நடைமுறைக்குக் கொண்டுவரும்போது, ஓஏஎம்-ஐத் தொடங்கி வைக்கும் கட்டளைக் கோப்பான ப்ராக்கில் ரீஸ்டார்ட் என்ற அளவுரு ‘யெஸ்’ என்று இருந்தால் ஓஏஎம் தானாகவே தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். டேப் பகுதிக்காக நடக்கும் அந்த மறுதொடக்கத்தில் ஆப்ஜெக்ட் பகுதியும் சேர்ந்து நிற்கிறது; கிளையில் இருப்பவருக்குத் திரை உறைந்துபோகிறது. ஆகவே அட்ரஸ் ஸ்பேஸைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதை நிறுத்தும்போது எது நிற்கக் கூடாது? உங்கள் கடிதத்திலேயே அதற்கான விடை இருக்கிறது.

வேகத்துக்காகப் பிரிப்பது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. டிபி2 அட்டவணையில் இருக்கும் ஆப்ஜெக்ட்டைத் திரும்ப எடுக்கும் நேரத்தை டிபி2-வின் பஃபர் பூலும் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) வட்டும்தான் தீர்மானிக்கின்றன. டேப்பில் இருப்பதை எடுக்கும் நேரத்தை டேப் ஏறும் நேரம் தீர்மானிக்கிறது. ஓஏஎம்-ஐ இரண்டாக்கினால் இவற்றில் எதுவும் குறைவதில்லை. மூத்தவரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால், ஒரே ஒரு டிபி2 மட்டும் உள்ள இடத்தில் பழைய, ஒற்றை ஓஏஎம் அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிபி2 இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ஓஏஎம்-இன் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் வரியிலும், அது சேர்ந்துள்ள தொகுப்பான கலெக்‌ஷனின் பெயர் எழுதப்படுவதில்லை, அதன் எண்தான் எழுதப்படுகிறது. எங்கே வைப்பது என்பதைச் சொல்லும் ஸ்டோரேஜ் கிளாசுக்கும், எவ்வளவு காலம் வைப்பது என்பதைச் சொல்லும் மேனேஜ்மென்ட் கிளாசுக்கும்கூட எண்தான். அந்த எண்ணுக்கு உரிய பெயரை ஓஏஎம் நிர்வாக அட்டவணைகள் தனியே வைத்திருக்கின்றன. இரண்டு நிறுவனங்களும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தங்கள் போக்கில் எண்ணிட்டிருப்பதால், ஒன்றாக்குவதென்றால் ஒரு பக்கத்தின் டைரக்டரி (ஆப்ஜெக்ட் பட்டியல்) வரிகள் அத்தனையையும் எண் மாற்றி எழுத வேண்டும். அதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. அது தனியே ஓராண்டுத் திட்டம், எல்பாரை ஒன்றாக்கும் வேலையின் தோளில் ஏற்றி வைக்கத் தக்கதல்ல.

இனி அமைப்பு வேலை. ஆப்ஜெக்ட் ஓஏஎம் ஒவ்வொன்றுக்கும் சிஸ்டத்தின் அமைப்பு அளவுருக்களை வைத்திருக்கும் பார்ம்லிப்பின் சப்சிஸ்டம் பட்டியலில் ஒரு பதிவு வேண்டும். தொடக்க நிரலின் பெயர் இரண்டுக்கும் சிபிஆர்இனிட் தான், சப்சிஸ்டம் பெயரும் அளவுருக்களும் வேறு. எந்த டிபி2 எந்த ஓஏஎம்-க்கு உரியது என்பதை இந்தப் பதிவிலேயே கட்டிவிட வேண்டும். டேப் லைப்ரரி வேலைக்கு மட்டும் உள்ள ஓஏஎம்-க்கு டிபி2 தேவையில்லை. அதற்கு வேண்டிய விவரங்கள் டேப் வால்யூம் கேட்டலாக்கில் இருக்கின்றன. இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஐபிஎல் (சிஸ்டத்தைத் தொடக்கத்திலிருந்து எழுப்புவது) முடிந்து டிபி2 எழுந்து வருவதற்கு முன்பே டேப் ஓஏஎம்-ஐத் தொடங்கிவிடலாம். இரவு பேட்ச் வேலைகளின் டேப்புகள் டிபி2-வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சப்சிஸ்டம் பதிவில் உள்ள அளவுருக்களில் இரண்டை மட்டும் நின்று பாருங்கள். எம்ஓஎஸ் என்பது ஏற்கப்படும் மிகப் பெரிய ஆப்ஜெக்ட்டின் அளவு, மெகாபைட்டில். குறிப்பிடாவிட்டால் 50, உச்சம் 2000. விபத்துப் படங்களோடு காணொளியும் வைக்கிறார்கள் என்பதற்காக உடனே 2000 என்று போட்டுவிடாதீர்கள்; இன்றைய மிகப் பெரிய ஆப்ஜெக்ட் எவ்வளவு என்று டைரக்டரியில் கேட்டுப் பார்த்துவிட்டு அதற்குச் சற்று மேலே வையுங்கள். அடுத்தது எல்ஓபி, பெரிய தரவை டிபி2-வில் துண்டாக்காமல் வைக்கும் அமைப்பு. 3980 பைட்டுக்குள் அடங்கும் சிறிய ஆப்ஜெக்ட்டுகள் 4 கேபி அட்டவணைக்குப் போகின்றன. அதற்கு மேற்பட்டவை 32 கேபி அட்டவணையில் 32,640 பைட் துண்டுகளாகப் போகின்றன; பெரியவற்றுக்கு எல்ஓபி அமைப்பு இருந்தால் முழுதாக அங்கே போகின்றன. எல்லா ஸ்டோரேஜ் குரூப்புக்கும் (ஆப்ஜெக்ட்டுகளை வைக்கும் சேமிப்புக் குழு) எல்ஓபி உண்டு என்று அளவுருவில் சொல்லிவிட்டு, ஏதோ ஒரு குரூப்புக்கு மட்டும் அட்டவணை உருவாக்க மறந்திருந்தால், சிறிய ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், பெரியது ஒன்று வரும் நாளில்தான் பிழை தெரியும். இரண்டு சப்சிஸ்டங்களும் தனித்தனி என்பதால், ஒரு நிறுவனம் எல்ஓபி வைத்திருந்து மற்றது வைக்காமல் இருந்தாலும் அதற்கேற்ப வெவ்வேறாக அமைக்கலாம்.

ப்ராக்குகள் மூன்றும் ஓட்டும் நிரல் ஒன்றே, சிபிஆர்ஓஏஎம். தான் எந்த ஓஏஎம்-க்கு உரிய ப்ராக் என்பதை ஒவ்வொன்றும் தன் அளவுருவில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயர்களை ஓஏஎம்1, ஓஏஎம்2 என்று வைக்காமல், பாலிசி, இழப்பீடு, டேப் என்பவற்றை நினைவூட்டும் எழுத்துகள் இருக்கும்படி வையுங்கள். நள்ளிரவில் நிறுத்தல் கட்டளை தட்டச்சு செய்பவர் உங்களைப் போல் இந்தக் கடிதத்தைப் படித்திருக்க மாட்டார். பாதுகாப்பு மென்பொருளான ரேக்ஃபில் ஒவ்வொரு பெயருக்கும் ஸ்டார்டட் வகுப்பில் பதிவு, அந்தந்தப் பயனர் எண்ணுக்கு உரிய டிபி2-வில் மட்டும் பிளானை இயக்கும் உரிமை. யூனிக்ஸ் கோப்பு முறையில் ஆப்ஜெக்ட் வைத்திருந்தால் அந்தப் பயனருக்கு ஓஎம்விஎஸ் (யூனிக்ஸ் அடையாளம்) பகுதியும் வேண்டும். பாலிசி ஓஏஎம்-இன் பயனருக்கு இழப்பீட்டு டிபி2-வில் உரிமையே தராதீர்கள். அளவுரு ஒன்று மாறிப்போனால் அது தவறான இடத்தில் எழுதுவதைவிட எழாமலே நின்றுபோவது நல்லது.

பைண்ட் வேலைகளை (நிரலின் எஸ்க்யூஎல்-ஐ டிபி2-வில் பேக்கேஜாகப் பதிவது) டிபி2 இரண்டிலும் தனித்தனியே ஓட்ட வேண்டும். ஐபிஎம் தரும் சாம்ப்லிப் நூலகத்தில் சிபிஆர்பிபைண்ட் முதலான மாதிரிகள் இருக்கின்றன. பழைய எல்பாரில் இருந்த பேக்கேஜ் புதிய சிஸ்டத்தின் பராமரிப்பு நிலைக்குப் பொருந்தாது. ஒன்றில் மட்டும் பைண்ட் செய்துவிட்டு மற்றதை மறந்தால், முதல் கோரிக்கையிலேயே எஸ்க்யூஎல் -805 அல்லது -818 வந்து நிற்கும். நல்லவேளையாக அது உடனே கண்ணில் படும் பிழை. நான் அஞ்சுவது கண்ணில் படாதவற்றுக்குத்தான்.

அவற்றில் முதலாவது மேனேஜ்மென்ட் கிளாஸ். டிபி2 இரண்டு, ஓஏஎம் இரண்டு என்று நாம் பிரித்தாலும், அந்த எல்பாரில் நடைமுறையில் இருக்கப்போகும் எஸ்எம்எஸ் அமைப்பு ஒன்றுதான். ஓர் ஆப்ஜெக்ட் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், எத்தனை காப்புநகல், எப்போது டேப்புக்கு இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஆப்ஜெக்ட்டோடு ஒட்டி வருவதில்லை. ஆப்ஜெக்ட் தன் மேனேஜ்மென்ட் கிளாசைக் குறிக்கும் எண்ணை மட்டும் வைத்திருக்கிறது, அதன் பொருளை எஸ்எம்எஸ் சொல்கிறது. பாலிசி நிறுவனத்தில் ‘நீண்டகாலம்’ என்று பெயரிட்ட கிளாஸ் 30 ஆண்டு என்றும், இழப்பீட்டு நிறுவனத்தில் அதே பெயர் 7 ஆண்டு என்றும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாக்கும்போது ஒரு வரையறைதான் மிஞ்சும். 7 ஆண்டு வரையறை மிஞ்சினால், எட்டு ஆண்டுப் பழைய பாலிசி ஆவணங்கள் அத்தனையும் காலாவதியானவை. ஒவ்வொரு ஸ்டோரேஜ் குரூப்புக்கும் குறித்த நேரத்தில் ஓஏஎம்-இன் பராமரிப்புப் பகுதியான ஓஎஸ்எம்சி-யின் சுழற்சி தொடங்கும். காலாவதியானதை நீக்குவது அதன் அன்றாட வேலை. அது பிழை செய்தி எதுவும் தராது, ஏனென்றால் அதன் பார்வையில் அது சொன்ன வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சோதனை சிஸ்டத்தில் இருந்த மேனேஜ்மென்ட் கிளாஸ் வரையறையோடு உண்மைத் தரவின் நகலை எழுப்பிவிட்டோம். காலையில் வந்து பார்த்தபோது பயனர் குழு கேட்ட ஆவணங்களில் பெரும்பகுதி இல்லை. நகல்தான் என்பதால் பிழைத்தோம். ஓஎஸ்எம்சி-யை ‘நோ’ என்று வைத்துத் தொடங்கியிருக்க வேண்டியவன் நான். பழைய ப்ராக்கை அப்படியே எடுத்துப் போட்டவனும் நான்தான்.

ஆகவே ஆப்ஜெக்ட் ப்ராக் இரண்டிலும் முதல் தொடக்கத்தில் ஓஎஸ்எம்சி ‘நோ’ என்று இருக்கட்டும். அதற்கு முன்பே இரு பக்கத்து மேனேஜ்மென்ட் கிளாஸ், ஸ்டோரேஜ் கிளாஸ், ஸ்டோரேஜ் குரூப் பெயர்களை ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ளவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள். இழப்பீட்டுப் பக்கத்து கிளாசுக்குப் புதுப் பெயர் கொடுப்பதாக முடிவானால், அந்த டிபி2-வின் கிளாஸ் அட்டவணையில் உள்ள பெயரும் அதற்கேற்ப மாற வேண்டும், புதிய ஆப்ஜெக்ட்டுகளுக்கு ஏசிஎஸ் ரூட்டின் (எந்த கிளாஸ் என்று தேர்ந்தெடுக்கும் விதிநிரல்) தரும் பெயரும் மாற வேண்டும். அந்த அட்டவணையைக் கையால் திருத்துவதற்கு முன் ஐபிஎம் உதவிக் குழுவிடம் ஒரு கோரிக்கை பதிந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏசிஎஸ் ரூட்டினும் இப்போது இரண்டு நிறுவனங்களுக்கும் பொது என்பதை மறக்க வேண்டாம். ஸ்டோர் (சேமிப்பது), சேஞ்ச் (மாற்றுவது), சிட்ரான்ஸ் (கிளாஸ் மாறும் தருணம்) ஆகிய மூன்று சூழல்களிலும் ஓஏஎம் அதை அழைக்கிறது. கோரிக்கை எந்த டிபி2-விலிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் டிபி2எஸ்எஸ்ஐடி என்ற மாறியை வைத்து முதலிலேயே பாதையைப் பிரித்துவிடுவது, கலெக்‌ஷன் பெயரின் முன்னெழுத்தைப் பார்த்துப் பிரிப்பதைவிடப் பாதுகாப்பானது.

இரண்டாவது, எக்ஸிட்டுகள்; அதாவது ஓஏஎம் இடையில் அழைத்துக் கேட்கும், நிறுவனமே எழுதிக்கொள்ளும் சிறு நிரல்கள். ஆப்ஜெக்ட்டை நீக்கலாமா என்று ஓஎஸ்எம்சி கடைசியாகக் கேட்கும் எக்ஸிட் சிபிஆர்எச்ஏடியூஎக்ஸ். ஆப்ஜெக்ட்டை யார் தொடலாம் என்று பார்க்கும் எக்ஸிட் சிபிஆர்யூஎக்ஸ்எஸ்ஏஇ. ஐபிஎம் இவற்றுக்கு வைத்த பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுதான். இரண்டு நிறுவனங்களும் தத்தம் விதியை எழுதி வைத்திருந்து, ஒன்றாக்குகிறவர் இரண்டையும் ஒரே லிங்க்லிஸ்ட் (சிஸ்டம் நிரல்களைத் தேடும்) நூலகத்தில் நகலெடுத்தால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்காரும். வழக்கு நிலுவையில் உள்ள இழப்பீட்டு ஆவணங்களை நீக்காதே என்ற விதி ஒரு பக்கத்து எக்ஸிட்டில் மட்டும் இருந்து, அது அழிந்துபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டின் மூல நிரலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மூல நிரல் கிடைக்கவில்லை என்று சொன்னால், கிடைக்கும்வரை ஓஎஸ்எம்சி ‘நோ’ என்பதே நிலைக்கட்டும். டேப் லைப்ரரி எக்ஸிட்டுகள் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். அவை பெரும்பாலும் டேப் மேலாண்மை மென்பொருளோடு வருபவை.

மூன்றாவது, டேப் வரிசை எண்கள். ஆறெழுத்து எண் ஒன்று, ஒரே கேட்டலாக்கில் இரண்டு டேப்புகளுக்கு இருக்க முடியாது. ஆப்ஜெக்ட்டுகளைச் சுமந்த டேப்புகளின் பட்டியலை ஒவ்வொரு டிபி2-வும் தனியே வைத்திருப்பதால், ஓஏஎம்கள் தனித்தனியே பார்க்கும்போது சிக்கல் தெரியாது. இரு பக்கப் பட்டியலையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டு, மோதும் எண் இருந்தால் பழைய எல்பார் உயிரோடு இருக்கும்போதே மூவ்வால் கட்டளையால் அந்த டேப்பில் உள்ள ஆப்ஜெக்ட்டுகளை வேறு டேப்புக்கு நகர்த்திவிடுங்கள். இது மெதுவாக நடக்கும் வேலை, முன்கூட்டியே தொடங்குங்கள்.

நினைவகம், முன்னுரிமை பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: நினைவக வரம்புகளில் ரீஜனைச் சுழியமாக விடுங்கள், 64-பிட் நினைவக வரம்பான மெம்லிமிட்டை உங்கள் எம்ஓஎஸ் அளவையும் ஒரே நேரத்தில் வரக்கூடிய பெரிய கோரிக்கைகளின் எண்ணிக்கையையும் பெருக்கிப் பார்த்து வையுங்கள். முன்னுரிமையைத் தீர்மானிக்கும் டபிள்யூஎல்எம்-இல் ஓஏஎம்கள் தங்களை அழைக்கும் சிக்ஸ் (சிஐசிஎஸ் என்ற பரிவர்த்தனை மென்பொருள்) பகுதிகளுக்குக் கீழே போகக் கூடாது; டேப் ஓஏஎம்-ஐ நான் எஸ்ஒய்எஸ்எஸ்டிசி என்ற உயர் முன்னுரிமை வகுப்பில் வைப்பது வழக்கம். ஓஎஸ்எம்சி ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டோரேஜ் குரூப்பைக் கையாளலாம் என்ற மேக்ஸ்-எஸ் அளவுருவைப் பழைய ப்ராக்கிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தனித்தனி எல்பாரில் ஆளுக்கு நான்கு என்றிருந்தது, இப்போது ஒரே எல்பாரில் எட்டு ஆகிறது. டேப் இயக்கிகள் அதற்கேற்பக் கூடவில்லை.

ரீஸ்டார்ட் அளவுருவை மூன்றிலும் ‘நோ’ என்று வைத்து, எஸ்சிடிஎஸ் மாற்றத்துக்குப் பின் தேவைப்படும் ஓஏஎம்-க்கு மட்டும் நீங்களே மறுதொடக்கக் கட்டளை கொடுங்கள். இதைச் செய்யாமல் அட்ரஸ் ஸ்பேஸை மட்டும் பிரித்தால், கிளைகளின் அழைப்புகள் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கூடவே, தானியங்கிக் கட்டளைத் தொகுப்புகளில் ‘எஃப் ஓஏஎம்’ (ஓஏஎம்-க்குத் தரும் இயக்கக் கட்டளை) என்று தொடங்கும் ஒவ்வொரு வரியையும் தேடி எடுங்கள். அந்தப் பெயரில் இனி யாரும் இல்லை. டேப்புக்கான கட்டளை டேப் ஓஏஎம்-க்கும், ஸ்டோரேஜ் குரூப் சுழற்சிக்கான கட்டளை உரிய ஆப்ஜெக்ட் ஓஏஎம்-க்கும் போக வேண்டும். இந்த வேலையை எல்லோரும் இளையவர் ஒருவரிடம் கடைசி நாளில் தள்ளிவிடுவார்கள். நீங்கள் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் வரிசை: முதலில் டேப் ஓஏஎம், பிறகு டிபி2 இரண்டும், பிறகு ஆப்ஜெக்ட் ஓஏஎம்கள், கடைசியில் சிக்ஸ். ஆப்ஜெக்ட் டேப்புகள் தானியங்கி லைப்ரரிக்குள் இருப்பதால், டேப் ஓஏஎம் எழாமல் ஆப்ஜெக்ட் ஓஏஎம் கேட்கும் டேப் ஏறாது. நிறுத்தும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். ‘டி எஸ்எம்எஸ்,ஓஏஎம்’ கட்டளை நல்ல நிலை காட்டுவதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். டிஎஸ்ஓ என்ற கட்டளைத் திரையிலிருந்து, ஓஏஎம்-ஐ நேரே அழைக்கும் ஓஎஸ்ரெக் கட்டளையால், ஒவ்வொரு டிபி2 வழியாகவும் 3 கேபி, 20 கேபி, சில மெகாபைட் என்று மூன்று ஆப்ஜெக்ட்டுகளை வைத்து, விசாரித்து, திரும்ப எடுத்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். டேப்பில் ஏற்கெனவே இருக்கும் பழைய ஆப்ஜெக்ட் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். அழைக்கும் நிரல் எந்த டிபி2-வோடு இணைந்திருக்கிறதோ, கோரிக்கை அதற்குரிய ஓஏஎம்-க்குப் போகிறது. ஆகவே ஒரே பெயரில் இரு பக்கமும் கலெக்‌ஷன் இருந்தால், தவறான டிபி2-வோடு இணைந்த பேட்ச் வேலை, ‘இல்லை’ என்ற பதிலோடு நிற்கும், அல்லது வேறொருவரின் ஆவணத்தைக் கொண்டுவந்து நீட்டும். இணைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடாத பேட்ச் வேலைகளைத் தனியே பட்டியலிடுங்கள்.

நாள் குறித்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய பிறகு, என் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இலாசுப்பேட்டையில் இருக்கும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இயந்திரம் வெளிநாட்டில் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டியவரின் வீட்டில்தான் இணையம் இருக்காது. சப்சிஸ்டம் பட்டியல் மாறுவதால், அது பார்ம்லிப்பிலிருந்து சரியாக எழுகிறது என்பதை ஒரு முழு ஐபிஎல் மூலம் அன்றே பார்த்துவிட வேண்டும். பாதியில் தொடர்பு அறுந்தால் யார் தொடர்வது? பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். வாடிக்கையாளர் ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு முன்பே வேண்டும் என்று நின்றால், கட்டளைகளையும் எதிர்பார்க்கும் பதில்களையும் வரிசையாக எழுதி, இயந்திரத்துக்கு அருகில் இருப்பவர் ஒருவரிடம் கொடுத்து, ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

மாற்றம் முடிந்தபின் இரண்டு வாரமாவது ஓஎஸ்எம்சி ‘நோ’ என்றே இருக்கட்டும்; டிபி2 அட்டவணைகள் அதற்குள் பெருத்துவிடும் என்பதால் வட்டில் இடம் ஒதுக்கிவையுங்கள். பிறகு ஒரு ஸ்டோரேஜ் குரூப்பை மட்டும் கட்டளை மூலம் தொடங்கி, எத்தனை ஆப்ஜெக்ட் நீக்கப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பழைய எல்பாரின் வழக்கமான நாள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழைய எல்பார்கள் இரண்டையும் அதுவரை கலைக்கச் சொல்லாதீர்கள். ஆனால் அவற்றில் உள்ள ஓஏஎம் ப்ராக்குகளை வேறு பெயரில் மாற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கே எஞ்சியிருக்கும் தானியங்கி ஒரு நாள் ஐபிஎல் ஆனதும் பழைய ஓஏஎம்-ஐ எழுப்பி, இப்போது புதிய சிஸ்டத்துக்கு உரிய டேப்புகளை காலாவதியானவை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்.